ஆறு வயசுக் குதிரைக்கு விற்றமின் வாங்கின கதை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டு. குதிரைக்கு விற்றமின் வாங்கவேணும்.

சிரிக்காதேங்கோ. அது எண்பத்தேழாம் ஆண்டு. சண்டைக்காலம், அரசாங்கம் தடை போட்டதாலை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. என்ரை மனிசி சறோவின்ரை தமையன் தவம், தன்ரை வானை மரக்குத்தியிலை ஏத்தி வைச்சிட்டு, நெடுந்தீவிலை ஒரு மட்டக்குதிரையை வாங்கி வண்டில்லை பூட்டினவர். சந்தைக்கு வெங்காயம் ஏத்திறதுக்கு. அதுதான் அவற்றை முழுப் பிழைப்பும்.

அவருக்குக் கால் சுளுக்கிப் போச்சு. குதிரையைக் கொண்டுவந்து உரும்பிராயிலை எங்கடை வளவிலை கட்டினார்.

"மச்சான், பத்து நாள் பாரும். நீர் படிச்ச மனிசன்தானே!"

அந்தச் சொல்லு எனக்குத் தலைக்குள்ளை ஏறீட்டுது. நான் விலங்கியல் ரியூசன் மாஸ்டர். விற்றமின் பி எல்லாம் தவிட்டிலைதான் கிடக்கு எண்டு வருசா வருசம் கரும்பலகையிலை எழுதிறவன். குதிரைக்கு மூண்டு நேரமும் தவிடு!

சறோ கேட்டா: "இஞ்சாருங்கோ, உது புல்லுத் தின்னிற சாதியெல்லோ?"

"புல்லிலை என்ன கிடக்கு? தண்ணியும் நாரும். உமக்கு உது விளங்காது."

அஞ்சாம் நாள் குதிரை தலையைத் தொங்கப் போட்டுது. பின்பக்கத்தாலை தண்ணியாப் போகுது. வைக்கோலைப் போட்டுப் பார்த்தன், மணந்தும் பாக்கேல்லை. உது செத்துப்போனா தவத்தாருக்குப் பிழைப்பில்லை. எனக்கு வீட்டிலை இடமில்லை.

யோசிச்சுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தன். விற்றமின் காணாது, இன்னும் வேணும்!

சைக்கிளை மிதிச்சு மருந்துக்கடைக்குப் போனன். எனக்கு முன்னாலை பத்துப் பேர். மருந்துக்குத் தட்டுப்பாடான நேரம். மனிசருக்கே இல்லையெண்டு கடைக்காரர் கையை விரிச்சுக்கொண்டிருக்கிறார். அதுக்குள்ளை குதிரைக்கு எண்டு எந்த வாயாலை சொல்லிறது?

என்ரை முறை வந்தாப்போலை, "ஒரு விற்றமின் போத்தல்" எண்டன்.

"ஆருக்கு மாஸ்டர்?" எண்டார் கடைக்காரர்.

"எங்கடை... ஒராளுக்கு."

"வயசு?"

"ஆறு."

"அட, சின்னப் பிள்ளையோ! சாப்பாடு எப்பிடி?"

"வைக்கோலைக்கூடத் தொடுகுதில்லை" எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.

வீட்டிலை அவ்வளவு பஞ்சமெண்டு கடையிலை எல்லாரும் நினைச்சிட்டினம். ஒரு மனிசி "ஐயோ பாவம்" எண்டு கண்ணைத் துடைச்சா. கடைக்காரர் ஒளிச்சு வைச்சிருந்த கடைசிப் போத்தலை எடுத்து என்ரை கையிலை தந்தார்.

வரிசையிலை எங்கடை பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவும் நிண்டவ. நான் கவனிக்கேல்லை.

எனக்கு முன்னமே கதை வீட்டை போய்ச் சேர்ந்திட்டுது. ஆனால் வைக்கோல் வாற வழியிலை எங்கையோ விழுந்திட்டுது. ஆறு வயசுப் பிள்ளை மட்டும் பத்திரமா வந்து சேர்ந்திருக்கு. எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு ரண்டே ரண்டு வருசம்!

படலையடியிலை சறோ. பின்னாலை பரிமளம் அக்கா. அதுக்குப் பின்னாலை எங்கடை ஒழுங்கைச் சனம் அரைவாசி.

"எங்கை அந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

"நடிக்காதேங்கோ! ஆறு வயசாம், வருத்தமாம்! தாய் ஆர்?"

"தாயை எனக்குத் தெரியாது" எண்டன். உண்மையைத்தான் சொன்னன். அதைவிடப் பிழையான ஒரு பதில் இந்த உலகத்திலை கிடையாது.

சறோ விம்மத் துவங்கீட்டா. நான் அவவின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வளவுக்குப் போய்க் குதிரையைக் காட்டினன்.

"உதுதானப்பா! ஆறு வயசு!"

அவ குதிரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. ஆரிலை கூட இரக்கப்படுறதெண்டு அவவுக்குத் தெரியேல்லை.

பரிமளம் அக்கா மெல்லமாச் சொன்னா: "மாட்டு டொக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே, மாஸ்டர்."

பின்னேரம் அவர் வந்தார். குதிரையின்ரை வயித்திலை காதை வைச்சுக் கேட்டார்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"தவிடு."

"வேறை?"

"தவிடுதான்."

"தீவிலை காய்ஞ்ச புல்லுத் திண்டு வளந்த சீவன் ஐயா! திடீரெண்டு வெறும் தவிடெண்டா வயிறு தாங்காது. தவிட்டிலை பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. மாசக்கணக்கா உப்பிடிக் குடுத்தா எலும்பே இளகிப்போம். புல்லுத்தான் இதுக்குச் சோறு. தவிடு கறி மாதிரிக் கொஞ்சம். நக்கிறதுக்கு ஒரு உப்புக்கட்டி. நல்ல தண்ணி. அவ்வளவுதான்."

"விற்றமின்?"

"பச்சைப் புல்லிலை இருக்கு. போத்தலைத் திருப்பிக் குடுங்கோ. தேவையான பிள்ளையள் இருக்கினம்."

எனக்குத் தலை குனிஞ்சு போச்சு. டொக்டர் குதிரையின்ரை கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்த்தார். "நல்ல சிவப்பு. உதுக்கு இரத்தம் காணும்." பிறகு என்ன நினைச்சாரோ, திரும்பி என்ரை இமையையும் இழுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்களுக்குத்தான் இரத்தம் காணாது. பேக்கரிப் பாண் மாதிரி வெள்ளை!"

ஒழுங்கை முழுக்கச் சிரிச்சுது. சறோவும்தான்.

"தங்கச்சி, குதிரைக்கு அறுகம்புல்லு. இவருக்கு முருங்கையிலை. நாளையிலிருந்து துவங்குங்கோ."

விடியக் காலமை சறோ ரண்டு கட்டுப் பச்சையோடை வந்தா. ஒண்டைக் குதிரைக்கு முன்னாலை போட்டா, மற்றதை எனக்கு முன்னாலை போட்டா.

எது எதெண்டு பார்க்க எனக்குத் துணிவு வரேல்லை. கண்ணை மூடிக்கொண்டு திண்டன்.