அண்ணன் பாகத்துப் பாய்மரம்

“டேய், கோட்டைத் தாண்டாதே!”

ஜலகண்டன் தூக்கின காலை அந்தரத்திலேயே நிறுத்தினான். படகுக்குக் குறுக்கே ஒரு நீலக் கோடு. அந்தப் பக்கம் அவன் அண்ணன் பஞ்சாட்சரம் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“தாண்டலண்ணே. ஆடிக் காத்துக்குப் பாய்த்துணி எப்படி உப்புது பாரு. படகு சாஞ்சா என் வூட்டுக் கூரை ஷீட்டு மேலதான் வுழும். கொஞ்சம் சுருக்கேன்.”

“வூடு உன்னுது. பாய்மரம் என்னுது. என் வண்டிக்கு நெழல் வேணும், ஏத்தி வெச்சிருக்கேன். போடா.”

மாதனூரில் கடல் கிடையாது. பாலாற்றிலும் மணல்தான். அப்படிப்பட்ட ஊரில், இவர்கள் அப்பா சாகப்போகிற சமயத்தில் ஆம்பூர் பழைய சாமான் வியாபாரி சர்தார் பாஷாவிடம் ஒரு பாய்மரப் படகை வாங்கி, வாசலில் பீப்பாய்கள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எதற்கு வாங்கினார் என்று கேட்க ஆள் இல்லை. புத்தி கெட்டுப்போச்சு என்று ஊர் சொன்னது. ஊர் எப்போது நல்லது சொன்னது?

தென்னந்தோப்பு இருந்தது. கோடையிலும் வற்றாத கிணறு இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளைகள் முதலில் படகுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து பேச வந்தவர்கள் காபி வரும்வரை யோசித்து, முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மழையில் பெயிண்ட் அழிந்துவிடும் என்று அண்ணன் கோட்டின் மேலேயே ரம்பத்தால் ஒரு இழுப்பு இழுத்தான். அண்ணன் இழுத்தது கோணல் என்று தம்பி இன்னும் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தான்.

அம்மா கண்ணம்மாள் தேங்காய் உரித்துக்கொண்டே, “அப்பா ஆசையா வாங்கினதுடா, ரெண்டு பேருமே விட்டுக் குடுக்காதீங்க. தோப்பு, கெணறெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

ஜலகண்டனின் பாகத்தில் இருந்தது, படகு ஓட்டுகிறவன் உட்காருகிற பள்ளம் மட்டும்தான். அதில் உட்கார்ந்து தலைக்கு மேல் ஆடுகிற பாய்மரத்துக் குறுக்குக் கட்டையைப் பயந்து பார்த்தான்.

“உங்க அண்ணன் கால்ல வுழுந்தாவது கேளுங்களேன்” என்றாள் அவன் பெண்டாட்டி சௌமியா.

“ஒரு வாட்டி கேட்டதே தப்பு. திரும்பக் கேட்டா முழுப் படகும் அவனுதுன்னு ஆயிடும்.”

சௌமியா போனில் ஒரு வீடியோ தேடிக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரன் எழுந்திருக்காமலேயே பள்ளத்தில் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தான். பாய்த்துணி தானாக இறங்கிச் சுருங்கிக்கொண்டது. கயிறெல்லாம் பாய்மரத்தடியில் திரும்பி அவன் கைக்கே வந்து சேர்ந்தது.

“பாத்தியா? அவனுக்கும் ஒரு அண்ணன் இருந்திருக்கான்” என்றான் ஜலகண்டன்.

கிணற்று ராட்டினத்தைக் கழற்றி வந்து, நீளக் கொம்பில் கட்டிப் பாய்மரத்தடிக்கு நீட்டினான்.

“என் பாகத்துல ராட்டினமா?”

“எங்க தொடுது? காத்துல தொங்குது. காத்தையுமா பாகம் பிரிச்சாங்க?”

பேச்சில் தோற்றால் பஞ்சாட்சரம் காறித் துப்புவான். துப்பினான்.

ஜலகண்டன் ஷூ கம்பெனியில் லேஸ் கோர்க்கிறவன். துணியின் குறுக்கே வரிசையாகக் கண் கண்ணாக ஓட்டைகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. வீடியோவில் ஓரத்து ஓட்டையில் மட்டும்தான் கயிறு. இவன் எல்லா ஓட்டையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து, முனையை ராட்டினம் வழியாகப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இழுத்தான்.

துணி இறங்கவில்லை. ஷூவைப் போல நடுவில் இறுகிப் பெரிய பை மாதிரி ஆகி, முன்னைவிட ஜாஸ்தியாகக் காற்றைப் பிடித்தது. படகு முனகியது.

ரோட்டில் கம்பெனி பஸ் போனது. “ஜலா! சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட்டு போடுப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

“இன்னாங்க, ஏத்துற கயித்தை அவுக்காம துணி எப்படி எறங்கும்?” என்றாள் சௌமியா.

ஏற்றுகிற கயிறு அண்ணன் பக்கம் கட்டியிருந்தது. ஜலகண்டன் தேங்காய் பறிக்கிற தொரட்டியைக் கோட்டுக்கு மேலாக நீட்டி முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

“திருட்டுப் பயலே!” பஞ்சாட்சரம் அவிழ்ந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“வுடுண்ணே, துணி எறங்கட்டும்!”

“நீ வுடுடா!”

தம்பி தான் கோர்த்த கயிற்றைக் கீழே சுருக்க இழுத்தான். அண்ணன் மேலே ஏற்ற இழுத்தான். காற்று யார் பேச்சையும் கேட்காமல் பக்கவாட்டில் இழுத்தது. ஒரு பீப்பாய் உருண்டது. சௌமியா ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றாள். கண்ணம்மாள் தேங்காயைக் கீழே வைத்தாள்.

படார் என்று சத்தம். ரம்பம் போட்ட இடத்திலேயே, பஞ்சாயத்து சொன்ன கணக்குக்குத் துளியும் பிசகாமல், படகு ரெண்டாகப் பிளந்தது. முன்பாதி அண்ணனோடு அவன் வண்டி மேல் கவிழ்ந்தது. பின்பாதி தம்பியோடு அவன் வீட்டு ஷீட்டு மேல் சாய்ந்தது.

ரெண்டு பேரும் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

“அடி ஏதாச்சும் பட்டுச்சாடா?” என்றான் பஞ்சாட்சரம்.

“இல்லண்ணே. உனக்கு?”

“இல்ல. பேஜார் ஒழிஞ்சிது, வுடு.” பஞ்சாட்சரம் துண்டை உதறினான். அவன் பார்வை தோப்புப் பக்கம் போனது. “ஆமா, யாரைக் கேட்டுடா ராட்டினத்தைக் கழட்டினே? கெணறு மூத்தவனுக்குத்தானே?”

“அது எப்படிண்ணே?” ஜலகண்டன் தொரட்டியை மறுபடி கையில் எடுத்தான். “நடுவுல ஒரு கோடு போட்டா தீந்துது.”

கண்ணம்மாள் அவசரமாக வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்தாள்.

“சர்தார் பாஷாவா? படகு ஒடைஞ்சிபோச்சுப்பா, பசங்க கெணத்துப் பக்கம் திரும்பிட்டானுங்க. அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு உங்கிட்ட கேட்டு வாங்கினாப்போல, எதுக்கும் ஒதவாத பெரிய சாமானா இன்னொண்ணு இருந்தா உடனே அனுப்பு.”