விலை கூடிய துப்பாக்கி வாங்கச் சொன்ன மைத்துனனுக்கு

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்றே வைத்துக்கொள், மூக்கு ஒன்றைத் தவிர. மூக்கைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. "அத்தான், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க, அக்கா போன வழியில நீங்களும் போங்க" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் நீ சொன்னது துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போகிற வழியை என்று புரிந்தது. அக்காவின் பழைய துப்பாக்கியை விற்றுவிட்டு எனக்கென்று நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறாய். விலையைப் பார்க்காதே என்கிறாய். விலை கூடியது வாங்கினால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா என்று விசாரித்து எழுதவும் சொல்கிறாய். விசாரித்துவிட்டேன். அதனால் வந்ததுதான் இவ்வளவும்.

நீ ஒரு தடவைகூட எங்கள் சங்கத்துக்கு வந்ததில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அங்கே பள்ளத்துக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது. மேடையில் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு "போடு!" என்று கத்துவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அமுக்குவார். இயந்திரம் ஒரு களிமண் தட்டை வானத்தில் வீசும், அதைச் சுட்டு உடைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. வீட்டில் ஒரு கிண்ணம் கை தவறி விழுந்தாலே ரகளை பண்ணுகிற உன் அக்கா, வாராவாரம் காசு கட்டித் தட்டு உடைக்கப் போனாள். நான் ஒரு நாளும் சுட்டதில்லை. நான் பொத்தான்காரன். அது எப்படி வந்தது என்றால், உன் அக்கா நாள் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோனவள், மேடையில் ஒரு எழுத்துக்கு மேல் செலவழிக்க மாட்டாள். "ம்" என்பாள், அதுதான் அவள் "போடு". முதல் வாரம் பொத்தானில் இருந்தவர் காது மந்தமானவர். அவள் "ம்" என்பாள், தட்டு வராது. மறுபடி "ம்" என்பாள், வராது. நான் ஓடிப்போய், "தள்ளுங்க சார், எனக்குக் கேக்கும்" என்று பொத்தானை வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள் பதில் அந்த "ம்"தானே. டீ வேண்டுமா என்றால் "ம்", கோபமா என்றால் "ம்", தூங்கிவிட்டாயா என்றால் அதற்கும் "ம்". எது எந்த "ம்" என்று பிரித்தறிகிற வித்தை உலகத்தில் எனக்கு மட்டும் கைவந்தது என்று எனக்கு ஒரு பெருமை. துப்பாக்கிச் சத்தத்துக்காக எல்லோரும் இரண்டு காதையும் அடைத்துக்கொள்வார்கள். நான் அவளுக்காக ஒரு காதைத் திறந்தே வைத்திருந்தேன். அந்தக் காது இப்போது பாதிதான் வேலை செய்கிறது. பரவாயில்லை. இப்போது அதற்குக் கேட்க ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு துப்பாக்கி சங்கத்தின் இரும்பு அலமாரியில் கிடக்கிறது. போன மாதம் செயலாளர் கூப்பிட்டு, "சார், காலமானவங்க பேர்ல துப்பாக்கி இருக்கக் கூடாது. அடுத்த மாசக் கடைசிக்குள்ள உங்க பேருக்கு மாத்தணும், இல்லைன்னா வித்துடணும்" என்றார். காலமானவள் பேரில் வீட்டில் கைக்கடிகாரம் இருக்கிறது, குடை இருக்கிறது, நூலக அட்டை இருக்கிறது, வாசலில் செருப்பு இருக்கிறது. துப்பாக்கி மட்டும் கூடாதாம். என் பேருக்கு மாற்ற வேண்டுமென்றால் நான் ஒரு சுற்று சுட்டுக் காட்ட வேண்டும். தட்டு உடையாவிட்டாலும் போகட்டும், பத்திரமாகக் கையாளத் தெரிந்தால் போதும் என்றார்கள். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சியாளர் அவள் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். உன் அக்கா என் தோளுயரம்தான் என்பது உனக்குத் தெரியும். தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டையை அவள் கை நீளத்துக்கு அறுத்து வைத்திருக்கிறாள். என் கை நீளத்துக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. கோழி தீனி பொறுக்குவது போலக் கழுத்தை வளைத்துத்தான் கன்னத்தை வைக்க முடிந்தது. எதிரே காலி மைதானம், பழகிப் பார்க்க ஒரே ஒரு தோட்டா. விசையை இழுத்தேன். துப்பாக்கி பின்னால் உதைத்தது, பிடித்திருந்த என் கட்டைவிரலே வந்து என் மூக்கில் இடித்தது. இதுதான் மூக்கின் கதை. ஆயுள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் மூக்குக்கெல்லாம் சட்டம் பொருத்தியவன், இரண்டு வாரமாகச் சொந்த மூக்கில் கண்ணாடி நிற்காமல் திரிகிறேன்.

"கட்டை உங்களுக்குக் குட்டை சார்" என்றார் பயிற்சியாளர். "மரவேலைக்காரர்கிட்ட குடுத்தா பின்னாடி ஒரு துண்டு வச்சு நீட்டிடுவார். கன்னம் படுற இடத்தையும் கொஞ்சம் இழைச்சு உங்களுக்குத் தோதா பண்ணிடுவார்." நான் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் கன்னம் படுகிற இடத்தைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் மெருகு இருக்கிறது, அங்கே மட்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மெருகு போய் மரம் வெளுத்திருக்கிறது. அவள் கன்னம் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அதை இழைக்கவா? என்னால் முடியாது மச்சான். அழுதுவிட்டேன். மூக்கு வலி என்று அவர் நினைத்துக்கொண்டு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

எனவே நீ சொன்னபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் டை கட்டிக்கொண்டு, மருத்துவர் மாதிரி கையுறை போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் என் கண்ணெதிரே ஒரு விரலை நீட்டி, "உங்களுக்கு ஓங்கின கண், அதாவது குறி பாக்குறப்ப முந்திக்கிற கண், எதுன்னு பாக்கணும் சார்" என்றார். ஊர் கண்ணையெல்லாம் பார்த்தவன் கண்ணையா பார்க்கிறாய் என்று நான் வாதாட, கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, கடைசியில் எனக்கு ஓங்கின கண் இடது என்று தெரிந்தது. நான் வலது தோளில் வைத்துச் சுடுகிறவன். அதாவது ஒரு கண் தட்டைப் பார்க்கும்போது இன்னொரு கண் குறுக்கே வரும், ஒன்றை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு வழியாக விலை குறைந்ததை முதலில் எடுத்தார். திறக்க மாட்டேன் என்றது, திறந்த பிறகு மூட மாட்டேன் என்றது, பழைய கேட்டு மாதிரி. ஆனால் புதிதாக இருக்கும்போது அப்படித்தான் முறைக்கும், பழகப் பழக வழிக்கு வரும் என்றார், தட்டு உடைய அதுவே தாராளம் என்றும் ஒப்புக்கொண்டார். அடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தோட்டாவை மாற்றிக்கொள்கிற வகை. தோளில் இடி குறையும், வயதானவர்களுக்கு நல்லது என்றார். எங்கள் சங்கத்துப் பல் டாக்டரிடம் அதே வகை இருக்கிறதே என்று மறுநாள் அவரிடம் இரவல் வாங்கிக் காலி மைதானத்தைப் பார்த்துச் சுட்டேன். தோளில் இடி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சுட்ட சூட்டோடு காலித் தோட்டாவைப் பக்கவாட்டில் துப்புகிறது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளரின் சட்டைக் காலருக்குள் அது இறங்கிவிட்டது. அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, உன் அக்கா போனதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லையே என்று நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

கடைசியில் விலை கூடியதற்கு வருகிறேன், நீ கேட்டது அதுதானே. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரட்டைக் குழல். பக்கத்தில் வாத்து பறக்கிற மாதிரி செதுக்கியிருந்தது. என் தொழில் புத்தி போகாமல் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு இறகும் கையால் செதுக்கியது. கையில் வாங்கினால் கனமே தெரியவில்லை. கனம் இல்லாமல் இல்லை, இரண்டு கைக்கும் நடுவில் அவ்வளவு ஒழுங்காகப் பாகம் பிரிந்திருக்கிறது. மூடினால் சத்தமே இல்லாமல் மூடுகிறது. என் கடையில் விலை கூடிய சட்டத்தைக் கேட்கிறவர்களிடம், "பார்வை கண்ணாடியில இருக்கு, சட்டத்துல இல்லை, கம்மி விலையே போதும்" என்று சொல்லியே வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்த எனக்கே அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. "உங்க அளவுக்கே கட்டை செஞ்சு குடுப்போம் சார். உங்க பிள்ளைங்க காலத்துக்கும் வரும்" என்றார் கடைக்காரர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

சுட்டுப் பார்த்தே வாங்குங்கள் என்று அவரே அதைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். போன ஞாயிறு மேடை ஏறினேன். எனக்குப் பிறகு என் பொத்தானுக்கு வந்திருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பல வருஷம் பக்கத்து மேடையில் பொத்தான் அமுக்கியவர், நல்ல மனிதர். "சார், நீங்க சொன்னாதான் போடுவேன். சர்வீஸ்ல மணி அடிக்காம வண்டிய எடுத்ததே இல்லை" என்றார். சரி என்று துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். கன்னத்தை வைத்தேன். கச்சிதமாக இருந்தது. ஒரு கண்ணை மூடினேன். காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பின்னால் வரிசையில் பல் டாக்டர், செயலாளர், கடைக்காரர், எல்லோரும் காத்திருந்தார்கள். நேரம் போகிறது. யாரோ கனைத்தார்கள். "சார், கூப்பிடலையா?" என்றார் டிரைவர்.

"நான் இல்லீங்க, அவ சொல்லணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் நான் செய்த ஒரே வேலை, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் குரலுக்குக் காத்திருந்ததுதான். துப்பாக்கி கைக்கு வந்ததும், நான்தான் கூப்பிட வேண்டும் என்பதை உடம்பு மறந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல் டாக்டர் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நான் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்து, பத்திரமாகக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: விலை கூடியது நல்லதுதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, சுடாமலே தெரிகிறது. நன்றாக யோசித்து உன் சொற்படியே முடிவு செய்துவிட்டேன். அக்காவின் துப்பாக்கியை விற்றுவிடுகிறேன். வாங்க ஆள் தயாராக இருக்கிறார் என்று செயலாளர் சொல்கிறார். திங்கட்கிழமை கடையில் எனக்கு அளவெடுக்கிறார்கள். புதுக் கட்டையில் யாருடைய கன்னமும் இருக்காது, எனக்கும் கூப்பிட வாய் வந்துவிடும். நீ சொன்ன மாதிரி மனிதன் முன்னால் பார்த்துப் போகத்தான் வேண்டும். இதுபற்றி இனிமேல் நீ கவலைப்பட வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கண்ணை மட்டும் கெடுத்துக்கொள்ளாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ள முடிவை அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். போகிற வழியில் விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சங்கத்துக்குள் நுழைந்தேன். மேடையில் டிரைவரும் பயிற்சியாளரும் மட்டும் இருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்று அவள் துப்பாக்கியை எடுத்து வரச் சொன்னேன். மேடையில் நின்று தோளில் வைத்து, கழுத்தை வளைத்து, அந்த வெளுத்த இடத்தில் கன்னத்தை வைத்தேன். "போடு" என்று கத்தத்தான் நினைத்தேன். தொண்டைக்கு மேல் வரவில்லை. "ம்" என்று ஒரு காற்றுதான் வந்தது, அது எனக்கே கேட்கவில்லை. தட்டு பறந்தது.

சுடக்கூடத் தோன்றாமல் திரும்பிப் பார்த்தேன். "மணி அடிக்காம வண்டிய எடுக்க மாட்டேன்னீங்களே! உங்களுக்கு எப்படிக் கேட்டுது?" என்றேன்.

"சத்தம் எங்க சார் கேட்டுது? தோள் லேசா எறங்குச்சு, போட்டேன். அம்மாவுக்கும் அப்படித்தான், தோளை எறக்கிட்டுதான் சொல்லுவாங்க. பக்கத்து மேடையில இருந்த எங்க எல்லாருக்கும் அது தெரியும். நீங்கதான் காதைத் தீட்டிக்கிட்டு ஓடி வந்து பொத்தானைப் புடிச்சுக்குவீங்க. சரி, புருஷன் பொண்டாட்டி விஷயம்னு நாங்க விட்டுட்டோம்" என்றார்.

ஒரு சுற்று முழுவதும் சுட்டேன். ஒரு தட்டும் உடையவில்லை, ஆனால் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்தது. பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார், துப்பாக்கி இனி என் பேரில். துண்டு வைக்கவில்லை, இழைக்கவில்லை. மூக்கு மறுபடி வீங்கிவிட்டது. உன் மனைவி கேட்டால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு.