அப்பாவின் புது டிவியில் சுற்றும் வட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், டிவி நலமில்லை. உன் நலத்தை விரிவாக விசாரிக்க இப்போது நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால் காகிதத்தில் எழுதி, நாளை உன் ஊருக்கு வரும் என் ஆபீஸ் நண்பனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ பேங்க் வேலையை உதறிவிட்டுச் செய்தி வாசிக்கப் போனதிலிருந்து உன்னோடு பேசாத அப்பா, ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தியில் நீ முதல்முறையாக வருகிறாய் என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாளே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய டிவியைக் கொடுத்து ஒரு ஸ்மார்ட் டிவியை வாங்கி வந்துவிட்டார். "பழசுல கண்ணு வலிக்குது" என்றார். உன் பேரை எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. அன்றைக்கு உன் முகத்துக்குப் பதில் வட்டம் சுற்றினால், மனிதர் இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொள்வாரோ என்பதுதான் என் பயம்.

இனி எல்லாம் நெட்டில்தான் என்று அப்பா கேபிளையும் எடுத்துவிட்டார்; இப்போது படம் வராமல் வட்டம்தான் சுற்றுகிறது. நான் யார்? செல்போன் கம்பெனிக்காகத் தெருத்தெருவாக மீட்டரோடு போய் சிக்னல் அளப்பவன். என் வீட்டு ஹாலில் சிக்னல் இல்லை! வைஃபை பெட்டி படுக்கையறையில், டிவி ஹாலில், நடுவில் அம்மாவின் இரும்பு பீரோ. பீரோவை நகர்த்தினேன், கால் உடைந்தது, நல்லவேளை பீரோவின் கால். பெட்டியைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், தூசி படியக்கூடாதென்று அம்மா அதன்மேல் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். சட்டியை எடுத்தால் டிவி அப்டேட் கேட்கிறது. சரி என்று கொடுத்தால், பாதியில் அப்பா பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்.

"ஏம்ப்பா புடுங்குனீங்க?"

"எவ்வளவு நேரமா சுத்துது பாவம். சூடாயிடாது? கொஞ்சம் ஆறட்டும்டா."

ஆறியதும் மறுபடி முதலிலிருந்து. தினமும் இதே கதை. பேசினால் டிவிக்குப் புரியும் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, "கொஞ்சம் செய்தி வைம்மா, கண்ணு" என்று ரிமோட்டிடம் கெஞ்சுகிறார். உன்னிடம் பேசாத மனிதர்! மாடி வீட்டு ஆடிட்டர் வேறு எட்டிப் பார்த்து, "என்னப்பா, ஊருக்கே சிக்னல் குடுக்கறவன் வீட்டுலயே இந்த லட்சணமா?" என்கிறார். அவரையும் குடும்பத்தோடு ஞாயிறு காலை வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. காரணம் சொல்லவில்லை.

ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது என்று அம்மாவிடம் ஒரு பொய் சொல். ஒரே ஒரு வாரம் கொடு, வீட்டை இடித்தாவது சிக்னல் கொண்டுவருகிறேன்.

நாக்கு குழறாமல் வாசிக்கவும், வேளைக்குச் சாப்பிடவும் வாழ்த்தும்,
உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. பொய் ஒன்றும் வேண்டாம். முடி வெட்டப் போன அப்பா, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையும் கழுத்தில் சலூன் துணியுமாக இப்போதுதான் ஓடிவந்தார். சலூன் டிவியில் ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்கு விளம்பரம் போட்டார்களாம், அதில் நீ வந்தாயாம். கத்தரியோடு பின்னாலேயே வந்த சலூன்காரர், "எம் பொண்ணு, எம் பொண்ணுன்னு எழுந்துட்டாரு தம்பி, காது தப்பிச்சது பெரிய விஷயம்" என்றார். அப்பா அவரைக் கவனிக்கவே இல்லை. "ரொம்ப இளைச்சிட்டாடா. உடனே அவளுக்குப் போன் போட்டுக் குடு" என்றார். எல்லோரும் மொட்டை மாடியில் நிற்கிறோம். இங்கே சிக்னல் பிரமாதம், மணியும் போகிறது. நீதான் எடுக்கவில்லை. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் எடுத்துவிடு அக்கா, அப்பா போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.