தண்ணி வருது மிஸ்!

போன வாரம் எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க காலேஜ் வராண்டாவுல ஒழுகுற கை கழுவுற பைப்ப மாத்தணும்.

இதுல என்ன இருக்குன்னு கேக்குறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏன்னா அந்தக் காலேஜ்ல பிளம்பிங் டீச்சரே நாந்தான்!

காரைக்கால்ல தொழில் சொல்லிக் குடுக்குற காலேஜுங்க எங்களோடது. வயரிங், வெல்டிங், பிளம்பிங்னு எல்லாம் உண்டு. ஆனா காலேஜுலயே ஒரு பைப்பு ஒழுகுனா நாங்க தொடக்கூடாது. பாண்டியில இருக்குற ஹெட் ஆபீசுக்கு எழுதிப் போடணும். பதில் வர்ற வரைக்கும் அடியில பக்கெட்டு வைக்கணும். பக்கெட்டே ஓட்டையாகி வேற மாத்தியாச்சு, பதில் வரல.

அன்னைக்குப் பாத்து பாண்டியிலேர்ந்து ஆபீசர் வர்றாரு. பிளம்பிங் கிளாஸ நடத்தலாமா, இழுத்து மூடலாமான்னு பாத்துட்டுப் போக. மூடிட்டா கான்ட்ராக்ட்ல இருக்குற நான் எங்க ஊரு வரிச்சிக்குடிக்கு பஸ் ஏறி வீட்டோட உக்கார வேண்டியதுதான்.

பிரின்சிபால் கூப்பிட்டாரு. "ஏம்மா, பிளம்பிங்க பாக்க வர்ற மனுசன் ஒழுகுற பைப்புலயா கை கழுவுறது? பாண்டியாவது ஒண்ணாவது, உங்க பிள்ளைங்கள வச்சு மாத்திப்புடுங்க."

"அஞ்சு நிமிஷ வேலை சார்"ன்னேன். இந்த வாய் இருக்கே, இத முதல்ல தைக்கணும்.

எங்க லேப்பப் பத்தி ஒரு விஷயம் சொல்லிடுறேன். செவுத்துல பெரிய பலகை அடிச்சு பைப்பு, ஷவர், வால்வுன்னு அழகா மாட்டி வச்சிருக்கோம். கண்ணு பட்டுடும், அப்படி இருக்கும். தண்ணி கனெக்ஷன் மட்டும் கிடையாது. அதுக்கும் பாண்டிக்கு எழுதிருக்கு.

அதனால எங்ககிட்ட ஒரு வழக்கம். பசங்க பைப்ப மாட்டி, திருகி, தொறந்து காட்டிட்டு, "தண்ணி வருது மிஸ்"னு சத்தமா சொல்லணும். நான் "வெரி குட்"னு மார்க் போட்டுடுவேன். இதுவரைக்கும் யாரு மாட்டுன பைப்பும் ஒழுகுனதில்ல பாத்துக்கங்க!

கிளாஸ்லயே கெட்டிக்காரி சுபாஷினி. கிளிஞ்சல்மேட்டுல மீன் புடிக்கிறவரு பொண்ணு. அவளக் கூப்பிட்டேன். ரெஞ்ச எடுத்துக்கிட்டு என்னா ஒரு நடை நடந்து வந்தாங்குறீங்க! எனக்கே பெருமையா இருந்துச்சு.

பழைய பைப்பப் புடிச்சு ஒரு திருகு. ரெண்டாவது திருகு. நான் பக்கத்துல நின்னு, "பாத்தும்மா, மரை போயிடப் போவுது"ன்னு டீச்சரா ஒரு வார்த்தை சொன்னேன்.

மூணாவது திருகுல பைப்பு கழண்டு பறந்துச்சு. தண்ணி என் மூஞ்சியில பீச்சி அடிச்சுச்சு.

சுபாஷினி கத்துனா: "தண்ணி வருது மிஸ்!"

நான் சொன்னேன்: "வெரி குட்!"

சத்தியமாங்க. பழக்கதோஷம்!

அப்புறந்தான் புத்தி வந்துச்சு. வேலைக்கு முன்னாடி வால்வ மூடணும்னு வருஷக்கணக்கா போர்டுல எழுதிப் போட்டவ நான். எங்க பலகையில தண்ணியே வராது, எதுக்கு மூடுறது?

ரெண்டு கையாலயும் ஓட்டைய அடைச்சுக்கிட்டு, "வால்வ மூடுடீ!"ன்னேன்.

"வால்வு எங்க மிஸ் இருக்கு?"

"வலது பக்கந்தான் இருக்கும், தேடு!"

எங்க பலகையில அது வலது பக்கம். இங்க வலது பக்கம் நோட்டீஸ் போர்டு. அந்தப் பொண்ணு பாவம், அதையும் தூக்கிப் பாத்தா.

"மொட்டை மாடியில இருக்குமோ மிஸ்?"ன்னு ஓடுனா. மாடிக் கதவுல பூட்டு. சாவி பிரின்சிபால் சட்டைப் பையில. பிரின்சிபால் கேட்டாண்ட மாலையோட நிக்கிறாரு.

திரும்பி ஓடி வந்து, "எங்க போட்டுல ஓட்டை விழுந்தா அப்பா துணிய வச்சு அடைப்பாரு மிஸ்"ன்னா.

"அப்ப குடுடீ ஏதாச்சும் துணிய!"

அவ கைக்கு அம்புட்டது மேஜை மேல இருந்த பொன்னாடை. ஆபீசருக்குப் போத்த வாங்கி வச்சது. ஜரிகை வேற! யோசிக்க நேரம் ஏது? சுருட்டி ஓட்டைக்குள்ள சொருகி அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். தண்ணி கொஞ்சம் அடங்குச்சு.

சரி, டேங்க்கு காலியானா தானா நின்னுடும்னு மனச தேத்திக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல தண்ணி வேகம் கொறஞ்சுச்சு. அப்பாடான்னேன். அந்த நேரம் பாத்து வாட்ச்மேன் கலியபெருமாள் அண்ணன் சிரிச்சுக்கிட்டே வர்றாரு.

"டேங்க்குல தண்ணி எறங்கிடுச்சு டீச்சர். கவலப்படாதீங்க, மோட்டார போட்டு விட்டுட்டேன். ஆபீசர் வர்ற நேரம் டேங்க்கு ரொம்பி இருக்கணும்னு பிரின்சிபால் சொல்லிருக்காரு."

"அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்க. போயி நிப்பாட்டுங்கண்ணே!"

அவரு போறதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க. முன்னாடி பிரின்சிபால், பின்னாடி ஆபீசர், பேன்ட்ட முழங்கால் வரைக்கும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. வராண்டாவுல கணுக்கால் தண்ணி.

பிரின்சிபால் என்னையப் பாத்தாரு. பொன்னாடையப் பாத்தாரு. ஆபீசர் பக்கம் திரும்பி, "இதுதான் சார் எங்க பிளம்பிங் டிபார்ட்மென்ட்"ன்னாரு.

மரியாதை தெரிஞ்சவ இல்லையா நான்? "வணக்கம் சார்"னு ரெண்டு கையையும் கூப்புனேன்.

கையை எடுத்ததும் பொன்னாடை பிச்சுக்கிட்டுப் போயி ஆபீசர் தோள்லயே விழுந்துச்சு. பின்னாடியே தண்ணியும் போயி அவர குளிப்பாட்டிடுச்சு.

போச்சு. என் வேலையும் போச்சு, பிள்ளைங்க படிப்பும் போச்சு. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு எனக்கு. மூஞ்சி ஏற்கெனவே நனைஞ்சிருந்ததால யாருக்கும் தெரியல.

நல்லவேளை, கரண்டு போச்சு. மோட்டார் நின்னு, டேங்க்குல மிச்சமிருந்ததும் தீந்து, தண்ணியும் நின்னுச்சு. ஆபீசர் கண்ணாடியக் கழட்டி பொன்னாடையிலயே தொடச்சாரு.

"இது என்னம்மா?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பிரின்சிபால் முந்திக்கிட்டாரு. "அவசர நேரத்துல பசங்க எப்படி சமாளிக்கணும்னு செஞ்சு காட்டுறாங்க சார்."

ஆபீசர் எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு: "நானும் எத்தனையோ காலேஜ் பாத்துட்டேன். பிளம்பிங் கிளாஸ்ல தண்ணியப் பாக்குறது இதான் முதல் தடவை."

நம்ப மாட்டீங்க, கிளாஸ் தொடருது! என் கான்ட்ராக்ட்டும் தொடருது. அதுக்கு மேல ஒண்ணு: அடுத்த மாசம் நான் பாண்டிக்குப் போயி மத்த காலேஜ் பிளம்பிங் டீச்சருங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கணுமாம்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இனிமே நான் டீச்சருக்கே டீச்சர், தெரியும்ல?"ன்னேன்.

"ரொம்ப சந்தோஷம். நம்ம வீட்டு பைப்புல மட்டும் கைய வச்சுடாத"ன்னுட்டு காப்பியக் குடிச்சாரு.