ஜமீன்தாரும் பர்வீன் அக்காவின் வலது கையும்

இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவளைப் போல ஆபத்தானவள் உலகத்தில் கிடையாது. நான் முடித்திருந்தேன். நேரட்டிவ் தெரபி, கதையாகப் பேசவைத்தே மனதைச் சரிசெய்யும் சிகிச்சை. சான்றிதழ்கூட வந்துவிட்டது (பிடிஎஃப்தான், நானே லேமினேட் போட்டுக்கொண்டேன்).

வகுப்பின் சாரம் இதுதான்: ஆள் வேறு, பிரச்சினை வேறு. பிரச்சினைக்கு ஒரு பெயர் வைத்துத் தனியே நிறுத்திவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவார்.

எனக்குக் கிடைத்த ஆள் ஹனீஃப் மாமா. அம்மாவின் தம்பி, கள்ளக்குறிச்சியில் டெய்லர். சொன்ன தேதிக்குத் துணி கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. என் கூடப்பிறந்த பர்வீன் அக்காவின் நிக்காஹ் ஜாக்கெட் அவரிடம்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பத்தே நாள். வேறு டெய்லரிடம் கொடுத்தால் மாமா பந்தல் பக்கமே வரமாட்டார்.

நோட்டோடு கடையில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, உங்க லேட்டுக்கு ஒரு பேரு வைங்க.”

“பேரா? ஜமீன்தார்னு வெச்சிக்கோ. மத்தியானம் சாப்ட்டதும் வந்து மடியில குந்திக்கினு மிஷினை மிதிக்கவே வுடமாட்றாரு.”

(முதல் கேள்விக்கே! எனக்குப் புல்லரித்துவிட்டது.)

“அவரு தோத்துப்போன நாள் எதுனா இருக்கா?”

மாமா கத்தரிக்கோலால் காதைச் சொறிந்தபடி யோசித்தார். “ஒரு தபா. போலீஸ்காரர் ஒருத்தரு, பேன்ட்ட முடிக்கிற வரைக்கும் எதுர்லயே ஸ்டூல் போட்டுக் குந்திக்கினாரு.”

‘மன உறுதி’ என்று எழுதிக்கொண்டேன்.

சிகிச்சை பலித்தது. அதுதான் கோளாறு. இருபது வருட வெட்கம் மாமாவை விட்டு ஒரே வாரத்தில் கழன்றது. அந்த வெட்கம்தான் அதுவரை மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தது என்பது எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படவில்லை. சட்டை வாங்கக் கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவரிடம், “நான் ரெடிங்க, ஜமீன்தாருதான் வுடல” என்றார். அவரோ, “இன்னா பாய், ஆளு எப்பத்தான் கெளம்புவாரு?” என்று பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிக்காஹ் அன்று காலை ஜாக்கெட் வந்தது. அதன் வலது கை மட்டும் தனியாக, ஒரு கேரி பேக்கில்.

“மாமா!” என்று அலறினேன்.

“என்கிட்ட ஏன் கத்துற? ஆளு வேற, பிரச்சினை வேறன்னு நீதானே சொன்ன? எனக்கும்தான் அவரு மேல கோவம் ஜாஸ்தி.”

அம்மா மாமாவை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். அக்கா அழவில்லை. “ஊக்கு எடுத்தாடி” என்றாள், கொலைகாரக் குரலில்.

பதினோரு ஊக்கு. கையைத் தூக்கினால் எல்லாம் தெறிக்கும். ஆகவே வந்தவர்களுக்கெல்லாம் வலது கையை நெஞ்சில் வைத்தபடியே சலாம். பிரியாணியை நான் ஊட்டினேன், விரலைக் கடித்தாள்.

அக்காவின் தியாகதுருகத்து மாமியார் உருகிவிட்டார். “இன்னா அடக்கம்! உங்க ஊரு வழக்கமாங்க?”

“ஆமாங்க, பரம்பரையா” என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

போன மாதம் அந்த மாமியார் வீட்டில் இன்னொரு கல்யாணம். புதுப்பெண்ணின் ஜாக்கெட்டில் இரண்டு கையும் ஒழுங்காக இருந்தன. இருந்தும் வலது கை நெஞ்சிலேயே இருக்க, நாத்தனார் பிரியாணி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பர்வீன் அக்கா, என் பக்கம் திரும்பாமல், படு சீரியஸாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்:

“இன்னும் கொஞ்சம் மேல வெச்சிக்கோம்மா. எங்கூருல அப்டித்தான்.”