தானாகத் திரும்பிப் போன புத்தகம்

நெடுந்தீவில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுப்பதைவிட ஒரு வீட்டில் பெண் எடுப்பது சுலபம். காரணம், நூலகப் பொறுப்பாளர் அலுமாரி அண்ணை. நூலகத்தின் ஆறு அலுமாரிகளின் திறப்புகளும் அவர் இடுப்பில்தான் தொங்கும். நான் அங்கே ஆசிரியையாகப் போன முதல் வாரம் ஒரு நாவல் கேட்டேன்.

“ஏன் வாசிக்கப் போறியள்?”

“சும்மாதான் அண்ணை.”

“சும்மா வாசிக்கிற ஆக்களுக்குக் குடுக்க ஏலாது. யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாங்கோ.”

புத்தகம் திருப்பும் தவணை தப்பினால் வீட்டு வாசல் படலையில் வந்து நிற்பார். ஒருமுறை மணவறையில் இருந்த மாப்பிள்ளையிடமே புத்தகத்தைக் கேட்டுவிட்டார்.

பிறகு புதுக் கட்டிடம் வந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவில் கணினிகள், சாய்ந்திருக்க மெத்தைக் கதிரைகள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கவும், கனடாவில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துக் கதைக்கவும் சனம் வந்தது. கொஞ்சப் புத்தகங்கள் பூட்டில்லாத தட்டுகளில் நின்றன. மிச்சமெல்லாம் கணினிக்குள் என்றார்கள். அலுமாரி அண்ணை திறப்புக் கோர்வையோடு மூன்று நாள் சுற்றிச் சுற்றி நடந்தார். பூட்ட ஒன்றுமில்லை.

“ரீச்சர், வீட்டிலை இருந்தபடியே புத்தகம் எடுக்கினமாம். அப்ப இந்தக் கட்டிடத்துக்குள்ளை இருக்கிறது என்ன?”



அடுத்த வருடம் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம். அங்கிருந்தபடியே நெடுந்தீவு நூலகத்தின் நாவலொன்றைக் கைபேசியில் எடுத்து வாசித்தேன். இரண்டு கிழமைத் தவணை முடிந்த மறுநாள் படலையில் அலுமாரி அண்ணை. காலைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

“கணினியிலை உங்கடை பேர் கிடக்கு. புத்தகத்தைத் தாங்கோ.”

“அது தானாத் திரும்பிப் போட்டுது அண்ணை.”

“தானாவோ? நான் வந்த வழியிலை காணேல்லையே.”

கைபேசியைத் திறந்து, நாவல் இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“வாசிச்சு முடிச்சிட்டியளோ?”

“இல்லை, பாதிதான்.”

அவர் முகம் மாறியது. “பாதியிலை பறிச்சுப்போட்டினமோ? இன்னும் ரண்டு பக்கம் கிடக்கு எண்டு ஆரும் சொன்னால், நான் வாசிச்சு முடியுமட்டும் வெளியிலை நிண்டுதானே வாங்கினனான்.”

போட்ட தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

மறுகிழமை குறிகட்டுவான் பஸ் நடத்துநர் ஒரு பொதியைத் தந்தார். அதே நாவல், கடதாசியில். திருப்பித்தர வேண்டிய திகதி எழுதும் தாளில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இரண்டே நாளில் வாசித்து முடித்துவிட்டேன். மாதங்கள் போய்விட்டன. திருப்பிக் கொடுக்க மனமில்லை. படலை கிறீச்சிடும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், அவர்தானோ என்று.