உங்கள் வீட்டுப் பஸ்ஸை நான் வழிமறித்த விபரம்

நாகல் நகர், திண்டுக்கல்.
செவ்வாய்க்கிழமை.

எல்லாம் வல்ல இறைவன் அருளால் பழனியில் சுகத்தோடும் கீர்த்தியோடும் இருந்துவரும் எங்கள் அருமை மாப்பிள்ளை முகமது பாரூக் அவர்களுக்கு, மாமனார் பீர் முகமது, ரயில்வே கூட்ஸ் கார்டு (ஓய்வு), மனம் நிறைந்த சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உங்கள் மாமியார் நசீம் பானுவும், பெருநாளுக்கு வந்து தங்கியிருக்கும் உங்கள் மனைவி நர்கீஸும் நலம். உங்கள் நலத்துக்கும், உங்கள் அண்ணன் மைதீன் பிச்சை அவர்களின் நலத்துக்கும், அவருடைய பஸ்ஸின் நலத்துக்கும் எப்போதும் துஆச் செய்கிறோம். பஸ்ஸையும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் உண்டு.

உங்கள் அண்ணன் இதற்குள் உங்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில், நான் பஸ்ஸை நடுரோட்டில் மறித்தேன் என்பது உண்மை. எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதை உங்கள் மாமியாரும் ஒப்புக்கொள்கிறாள். நான் கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்பது மட்டும் சுத்தப் பொய்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஆரம்பப் பள்ளிக்கூடம் இருப்பது தாங்கள் அறிந்ததே. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்த பிறகு பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் உள்ளே அடுப்பு மூட்ட இடமில்லை என்று, எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் இந்தப் பக்கம் இருக்கும் பழைய புகையிலைக் கிட்டங்கியில் சமைத்துப் போடுகிறார்கள். அதாவது படிப்பு அந்தப் பக்கம், சோறு இந்தப் பக்கம், நடுவில் பழனி ரோடு. மணி அடித்தால் போதும், அம்புட்டுப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வரும். சாம்பார் வாசனை மூக்கில் ஏறிய பிள்ளைக்கு லாரியாவது பஸ்ஸாவது! பழனிக்குப் போகிற பஸ்களோ, முன்னால் போகிறவனுக்குத்தான் ஆள் கிடைக்கும் என்று சரியாக அந்த நேரத்தில்தான் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும்.

போன மாதம் ஒருநாள், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் சண்முகவள்ளி என்ற பொடிசு ரோட்டின் நடுவில் தட்டைத் தவறவிட்டுவிட்டது. இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிள்ளை, தட்டை எடுக்கத் திரும்ப ஓடியது. வெங்காய லாரி வந்துகொண்டிருந்தது. செபாஸ்தியம்மாள் டீச்சர் பாய்ந்து சடையைப் பிடித்து இழுத்திராவிட்டால், மாப்பிள்ளை, அதை எழுத எனக்குக் கை வராது. தட்டு அப்பளமாகிவிட்டது. பிள்ளை அழுதது பாருங்கள், பயந்து அல்ல. "டீச்சர், இனி நான் எதுல சாப்புடுவேன்?" என்று. நர்கீஸ் உள்ளே ஓடி, நம் வீட்டு எனாமல் தட்டு ஒன்றை எடுத்துவந்து அதன் கையில் கொடுத்து, மூக்கையும் துடைத்துவிட்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உத்தியோகம் பூராவும் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்றே காலம் தள்ளியவன் நான். வண்டி எதன்மேல் ஏறிப் போனது என்பது எஞ்சினில் இருக்கிறவனுக்குத் தெரியாது. பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். "உங்களுக்கு என்ன, வயித்து வலியா?" என்று உங்கள் மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பான ஆபீசுக்குப் போய் முறையிட்டேன். ரோடு எங்களுடையது இல்லை என்றார்கள். ரோட்டுக்குச் சொந்தமான ஆபீசுக்குப் போனேன். பிள்ளைகள் எங்களுடையது இல்லை என்றார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம், அப்படியானால் இந்தப் பிள்ளைகள் யாருடையது என்று வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அதற்கடுத்த நாள் மணி அடிக்கிற நேரத்துக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விசில் என்னிடம் இருந்தது. கொடிகளை ரயில்வேக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பீரோவைத் துழாவினேன். கல்யாணத்தில் உங்கள் வீட்டுச் சீர்த்தட்டை மூடி வந்த சிவப்புச் சாட்டின் துணி கைக்கு அகப்பட்டது. அதை ஒரு மூங்கில் கம்பில் கட்டிக்கொண்டு போய் ரோட்டின் நடுவில் நின்று விசிலை ஊதினேன். வந்த லாரி நின்றது. பிள்ளைகள் தாண்டின. வாழ்நாளில் எத்தனையோ வண்டி நிறுத்தியிருக்கிறேன். இவ்வளவு நல்ல சரக்கை அனுப்பிவைத்ததில்லை.

ஆனால் மாப்பிள்ளை, நல்ல காரியத்துக்கு வருகிற சோதனை இருக்கிறதே! ரெண்டாம் நாள் ஒரு கரும்பு வண்டி வந்தது. சாட்டின் துணி வெயிலில் மினுங்கியதும் மாடுகள் மிரண்டு வெற்றிலைக் கடைக்குள் தலையைக் கொடுத்துவிட்டன. கரும்பெல்லாம் ரோட்டில். பிள்ளைகள் சோற்றை மறந்து ஆளுக்கொரு கரும்போடு கண்காணாமல் போய்விட்டார்கள். மத்தியானம் வகுப்பில் ஆளில்லை என்று செபாஸ்தியம்மாள் டீச்சர் என்னிடம் வந்து, "பாய், நீங்க அவங்களக் காப்பாத்துறீங்களா, கலைச்சு விடுறீங்களா?" என்று கேட்டார்.

பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் ஏதோ வேலைநிறுத்தம் என்று ஒட்டன்சத்திரம் வரை சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். மறுநாளே ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"எந்தக் கட்சி?" என்றார்.

"கட்சியெல்லாம் இல்லங்கய்யா. ரயில்வே" என்றேன்.

"ஓ, ரயில்வே ஸ்டிரைக்கா?" என்று பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சிவப்போடு பச்சையும் இருந்தால் ரயில்வே விஷயம் என்று ஊருக்குப் புரியுமே என்று, உங்கள் மாமியாரின் பச்சைத் துப்பட்டியையும் ஒரு கம்பில் கட்டினேன். போக வேண்டியவர்களுக்குப் பச்சை காட்டினேன். பச்சை, அதுவும் ஒரு பாய் கையில்! நேற்றுவரை செங்கொடிக்காரன், இன்றைக்கு முஸ்லிம் லீக்கில் சேர்ந்துவிட்டான் என்று தெருவில் பேச்சு. இரண்டு கொடியையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் வரப்போகிற தேர்தலில் இரண்டும் கூட்டு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஜமாஅத்தில் இருவர் என்னைத் தனியாக அழைத்து, "எந்தத் தொகுதிங்க?" என்று விசாரித்தார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நேற்று நடந்ததுதான் பொறுக்க முடியாதது.

நேற்று மணி அடித்தது. நான் இறங்கி நின்றேன். வளைவில் பஸ் வந்தது, உங்கள் வீட்டுப் பஸ். விசில் ஊதினேன். டிரைவர் வேலுசாமி நல்ல மனுஷன். தினமும் பழகிவிட்டதால் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். ஆனால் நேற்று முன்சீட்டில் உங்கள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"எவன்டா அவன் என் வண்டிய நிறுத்துறது?" என்று வந்தவர் என்னைப் பார்த்ததும் திகைத்தார். "மாமா! நீங்களா?"

"வாங்க தம்பி. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன். ரோட்டின் நடுவில் சம்பந்தியை வேறு எப்படி வரவேற்பது?

அவர் கண் கம்பின்மேல் போனது. "இது எங்க வீட்டுச் சீர்த்துணில்ல?"

"ஆமா தம்பி. நல்ல சாயம், போகவே மாட்டேங்குது."

அவர் முகம் அந்தத் துணி நிறத்துக்கு வந்துவிட்டது. "மாமா, பின்னால அடுத்த பஸ் வருது. அவன் முந்துனா ஒட்டன்சத்திரத்துல எனக்கு ஒரு ஆள்கூட மிஞ்ச மாட்டான். வழிய விடுங்க."

"செத்த நேரம் பொறுங்க. கடைசிப் புள்ள இன்னும் தாண்டல."

கடைசிப் பிள்ளை அந்தச் சண்முகவள்ளிதான். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இது மட்டும் எனாமல் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து, அடிமேல் அடி வைத்து வருகிறது. தட்டை இன்னொரு தடவை விட்டுவிடக் கூடாதே என்று அதற்குக் கவலை. பாதி ரோட்டில் நின்று உங்கள் அண்ணனை ஏறிட்டுப் பார்த்து, இன்ஸ்பெக்டர் என்று நினைத்ததோ என்னமோ, "வணக்கம் சார்" என்று வேறு சொன்னது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் மாப்பிள்ளை, கெடுத்தது. பிள்ளை தாண்டி முடித்த கையோடு அடுத்த பஸ்ஸும் வந்து, நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் நுழைந்து போயே போய்விட்டது.

உங்கள் அண்ணன் சொன்னது இது: "மாமா, உங்களுக்குக் கொடி புடிக்கிறதுதான் முக்கியம்னா புடிச்சுக்கிட்டே இருங்க. பாரூக் நர்கீஸ அழைக்க வர மாட்டான். நான் அனுப்ப மாட்டேன்."

வாசலில் நின்ற நர்கீஸ் இதைக் கேட்டாள். கேட்ட கையோடு உள்ளே போய்விட்டாள். உங்கள் மாமியார் அவளுக்கும் சேர்த்துப் பேசினாள். "ஊருப் புள்ளைகளக் காப்பாத்தப் போயி சொந்தப் புள்ள வாழ்க்கைய நடுரோட்டுல விட்டுட்டீங்களே" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஊர்ப் பிள்ளைகள் என்று யாரைச் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. செபாஸ்தியம்மாள் டீச்சர் பிள்ளை பெறாதவர். சடையைப் பிடித்து இழுக்கும்போது, இது யார் பிள்ளை என்று கேட்டுக்கொண்டா இழுத்தார்? இதை உங்கள் மாமியாரிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்று மணி அடித்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். காதைப் பொத்தினேன். பொத்தினால் எதுவும் கேட்கவில்லையே என்று பயம் வந்து எடுத்தேன். பிரேக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்று ஆண்டவன் காப்பாற்றினான். நாளைக்கு அவன் வேறு வேலையாக இருந்தால் என்ன செய்வது என்று நினைக்கும்போதே தவ்பா செய்து அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

போகட்டும். என் பெண்ணின் வாழ்வு எனக்குப் பெரிது. ஆகவே, பீர் முகமதுவாகிய நான் இனி அந்த ரோட்டில் விசிலோ கொடியோ எடுத்து நிற்பதில்லை என்றும், தங்கள் வீட்டுப் பஸ்ஸையோ வேறு எவர் பஸ்ஸையோ மறிப்பதில்லை என்றும் இதன் மூலம் உறுதி சொல்கிறேன். துணியைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தங்கள் அண்ணனுக்குத் திருப்பி அனுப்புகிறேன். அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, எப்போது வந்து நர்கீஸை அழைத்துப்போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், இந்த வீட்டில் மறுபடி உப்புப் போட்ட குழம்பு கிடைக்கும்.

தங்கள் தாயாருக்கு எங்கள் சலாம். அண்ணனுக்கும் அவர் மக்களுக்கும் துஆ. தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், பழனி ரோட்டில் கவனமாக நடக்கவும்.

தங்கள் நலம் நாடும் மாமனார்,
பீர் முகமது

பின்குறிப்பு: இது புதன்கிழமை எழுதுவது. மேலே எழுதிய எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். நான் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஜன்னலுக்கு உள்ளேயேதான் நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் பாய்ந்தன. வளைவில் உங்கள் வீட்டுப் பஸ். நான் "யா அல்லாஹ்" என்று கத்துவதற்குள், கொடியும் இல்லாமல் விசிலும் இல்லாமல், தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறது. உங்கள் மனைவி நர்கீஸ்.

பஸ் நின்றது. இன்றும் உங்கள் அண்ணன் இறங்கினார். நான் எதிலாவது மாட்டுவேனா என்று பார்க்கவே வந்தார் போலிருக்கிறது. இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தம்பி மனைவியின் முகம் பார்த்துப் பேசுவது உங்கள் வீட்டு வழக்கம் இல்லையே! திட்டவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. சட்டென்று அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கம் ஒரு லாரி வந்தது. பிள்ளைகள் பாதி ரோட்டில். அவர் தொப்பியைக் கழற்றி ஆட்டி, "ஏலே, நிறுத்துலே! புள்ளைக வருது, கண்ணு தெரியல?" என்று போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு ஜன்னலே அதிர்ந்தது. இப்படியாக ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அவரும் முதுகோடு முதுகாக நின்று, அத்தனை பிள்ளைகளையும் தாண்டவிட்டார்கள்.

அப்புறம் அவர் லாரியைப் பார்த்தபடியே, "வேலுசாமி, வெயிலு கொளுத்துது, உள்ள போகச் சொல்லு" என்றார்.

நர்கீஸ் பஸ்ஸைப் பார்த்தபடி, "வேலுசாமி அண்ணே, நாளைக்கும் வண்டி நிக்குமான்னு பெரிய மச்சானக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

வேலுசாமி பாவம், யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணன் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "நிக்கும்னு சொல்லு. ஆனா எனக்குத் தினமும் வரத் தோதுப்படாதுன்னும் சொல்லு" என்றார்.

ஆகையால் நர்கீஸ் எழுதச் சொல்வது: நீங்கள் அவளை அழைத்துப் போக அல்ல, பத்து நாள் தங்கிப் போக வர வேண்டுமாம். சோற்று மணிக்கு முன்னால் வந்துசேர வேண்டுமாம். பஸ் வருகிற பக்கம் அவள் நிற்பாளாம். லாரி வருகிற பக்கம் உங்களுக்கு.